கொஜிமாவில் முந்நூறு பேர்

தோக்கியோ, ஹராஜுகு
1997 ஏப்ரல் 20

அன்பு மருமகள் சிகுசாவுக்கு,

செர்ரிப் பூவெல்லாம் உதிர்ந்து, மழையில் ஊறி, செருப்படியில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வருகிற பருவம் இது. உன் அம்மாவின் ரத்தக் கொதிப்பு அடங்கியிருக்கிறதா? உன் கண் எப்படி? நாளெல்லாம் கருநீலத் துணியையே பார்க்கிறவர்களுக்குச் சிவப்பு மங்கிப்போகும் என்று ஒரு பெரிய டாக்டர் என்னிடம் ஆலோசனை கேட்டபோது சொன்னார். என் உடம்பு இரும்பு. முழங்கால் மட்டும் சாயங்காலமானால் கொஞ்சம் முனகும். ஒரு தெருவையே நின்றபடி நிர்வாகம் பண்ணுகிறவனுக்கு முனகாமல் என்ன செய்யும்?

இந்தக் கிரேப் கடையில், அதுதான் இனிப்புத் தோசைக் கடையில், எனக்கு என்ன பதவி என்று கேட்டிருந்தாய். அதற்குப் பெயர் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை நான் எங்கே நிற்கிறேனோ அங்கேதான் கூட்டம் முடிகிறது. நான் இரண்டடி நகர்ந்தால் ஐம்பது பேர் நகர்கிறார்கள். மீதியை நீயே ஊகித்துக்கொள்.

இங்கே எல்லா ஜாதிப் பிள்ளைகளும் எனக்குப் பழக்கம். தலைமுடி தெரியாமல் பிளாஸ்டிக் கிளிப் குத்திக்கொண்டு நடக்கும்போதே கிலுகிலுக்கிற கூட்டம் ஒன்று. தொளதொளக் காலுறையைக் கெண்டைக்காலில் பசை போட்டு ஒட்டிக்கொள்கிற கூட்டம் ஒன்று. அந்தப் பசை யோசனை யாருடையது என்று நான் சொன்னால் தற்பெருமையாகிவிடும். ஆனால் ராஜ வம்சம் என்றால் ரயில் நிலையத்துக்குப் பக்கத்துப் பாலத்தில் நிற்கிற ஃப்ரில் கூட்டம்தான். கழுத்திலிருந்து கணுக்கால் வரை கொசுவம், லேஸ், ரிப்பன், கையில் குடை. பிரெஞ்சு ராணி ஒருத்தி, கழுத்தைப் பறிகொடுத்தவள், அவள் காலத்து உடை அது. ஹராஜுகுவுக்கு ஓடி வந்திருந்தால் கழுத்து பிழைத்திருக்கும்.

அந்தக் கூட்டத்துத் தலைவி மரிகா. வாரநாளில் பென்தோ கடையில் சாப்பாட்டு டப்பாவில் சோறு அடைப்பவள், ஞாயிறு வந்தால் மகாராணி. நீ தைத்த வெள்ளை உடையைப் போட்டுக்கொண்டு உன் அறையில் எடுத்து அனுப்பிய புகைப்படத்தை அவளிடம் காட்டினேன். கண்ணருகே வைத்துப் பார்த்தாள்.

"மாமா, இந்தக் கழுத்துச் சுருக்கம் கையாலயா போட்டது?"

"கண்ணை மூடிக்கிட்டே போடுவா."

"பாவம், அந்த ஊர்ல இவங்க ஒருத்தர்தானா?"

பாவமாம்! நம் ஊரைப் பார்த்து ஒருத்தி பரிதாபப்படுவதா? "ஒருத்தியா? எங்க ஊர்ல திரும்புற பக்கமெல்லாம் இதுதான்" என்று சொல்லி வைத்தேன்.

வெந்நீர் குடி. கழுத்தை மூடித் தூங்கு.

தலைநகரில் உங்கள் ஊரின் கொடியைப் பிடித்திருக்கும்
தொகுஜிரோ மாமா


கொஜிமா
1997 மே 6

மரியாதைக்குரிய மாமாவுக்கு,

இங்கே கடல் வெயிலில் தகரம் மாதிரி மின்னுகிறது. அம்மாவின் ரத்தக் கொதிப்பு பரவாயில்லை. என் கண்ணில் சிவப்பு நன்றாகவே தெரிகிறது. உங்கள் முழங்காலுக்கு மருந்துப் பட்டை இரண்டு வைத்திருக்கிறேன்.

மாமா, அந்தப் படத்தைத் தயவுசெய்து யாரிடமும் காட்டாதீர்கள். நான் இங்கே சீருடைத் தொழிற்சாலையில் பாவாடை மடிப்புப் பிரிவில் இருக்கிறேன். பதின்மூன்று வயதுப் பிள்ளைகளின் பாவாடைக்கு நாளெல்லாம் மடிப்பு அழுத்துகிறேன். அந்த வெள்ளை உடையைத் தாழ்ப்பாள் போட்ட பிறகுதான் போடுகிறேன். ஒரே ஒரு முறை ரயிலேறி ஒகாயாமா போய், நிலையத்துக் கழிப்பறையில் மாற்றிக்கொண்டு, பெரிய கடையொன்றின் மேல்மாடியில் சாமான் வாங்குகிறவள் மாதிரி நடந்தேன். பிறகு அதே கழிப்பறை, அதே ரயில். வீட்டில் அம்மா என் தோளிலிருந்து ஒரு லேஸ் நூலை எடுத்து, என்னைப் பார்த்து, குப்பைக்கூடையில் போட்டாள்.

நிஜமாகவே அவர்கள் வெட்டவெளியில், வெயிலில், பாலத்தின் மேல் நிற்கிறார்களா? யாரும் ஒன்றும் சொல்வதில்லையா? அதைப் பற்றி மட்டும் கூட்டாமல் குறைக்காமல் எழுதுங்கள். ஒரு நாள், ஒரே ஒரு நாள், நான் எங்கள் வீட்டு வாசல் கதவைத் திறந்து அந்த உடையோடு தெருவில் இறங்கி நடக்க வேண்டும். வேறு ஆசை இல்லை.

குளிர்ந்த சோபா நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டு வெயிலில் நிற்காதீர்கள்.

உங்கள் சிகுசா


ஹராஜுகு
1997 மே 25

என் கண்மணி சிகுசா,

மழைக்காலம் வாசலில் வந்து நிற்கிறது. மருந்துப் பட்டை ஒட்டிய மறு நிமிஷமே மாடிப்படியை மூன்று மூன்றாகத் தாண்டினேன். கீழ்வீட்டுக்காரர் பூகம்பம் என்று வெளியே ஓடினார்.

நிற்கிறார்களா என்று கேட்டாயே! அவர்கள் பாலத்தில் நிற்பதைப் பார்த்து ரயில்களே மெதுவாகப் போகின்றன. வெளிநாட்டுக்காரர்கள் படமெடுக்க வருகிறார்கள். போன வருஷம் ஒரு கை விரலுக்குள் எண்ணலாம். இப்போது வாரா வாரம் புது முகம். வடக்கே பனிப்பிரதேசத்திலிருந்தெல்லாம் ராத்திரி பஸ் ஏறி வருகிறார்கள்.

இனி முக்கியச் செய்தி. உட்கார்ந்துகொண்டு படி.

மரிகா நம் ஊரைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

"எத்தனை பேர் மாமா இருப்பாங்க?"

"எண்ணினதில்ல. ஒரு முந்நூறு."

"முந்நூறா! பகல்லயா போட்டுக்கிட்டு நடக்கிறாங்க?"

"பகல்லதான். மீன் வாங்கக்கூட அப்படித்தான் போவாங்க."

குடையெல்லாம் சாய்ந்துவிட்டது. அந்த இடத்திலேயே தீர்மானம் பண்ணிவிட்டார்கள். இந்த வருஷத் தேநீர் விருந்து தோக்கியோ ஹோட்டலில் இல்லை, கொஜிமாவில்! அக்டோபர் இரண்டாம் ஞாயிறு. பஸ்கூடப் பேசியாகிவிட்டது, நாற்பது பேர். உனக்கு வேலை ஒன்றுமே இல்லை. தேநீர் போட்டால் போதும், பல்லுக்குப் பதமாக ஏதாவது கேக். மற்றதையெல்லாம் நான் இங்கிருந்து பார்த்துக்கொண்டுவிட்டேன்.

அம்மாவிடம் என் நமஸ்காரம். அவள் தம்பி ஊருக்கு என்ன பண்ணியிருக்கிறான் என்று சொல்.

வெற்றியோடு,
தொகுஜிரோ மாமா


கொஜிமா
1997 ஜூன் 3

மாமாவுக்கு,

மழை பிடித்துக்கொண்டது. எல்லாரும் சுகம். உங்கள் விடுதித் தொலைபேசியை எடுப்பாரில்லை, அதனால் எழுதுகிறேன்.

இந்த ஊரில் ஃப்ரில் உடை போடுகிறவள் நான் ஒருத்தி. அதுவும் தாழ்ப்பாளுக்குப் பின்னால். இந்தக் கடிதம் கிடைத்தவுடனே பாலத்துக்குப் போய் உண்மையைச் சொல்லிவிடுங்கள்.

பூஞ்சை பிடிக்காமல் படுக்கையை உலர்த்துங்கள்.

சிகுசா


கொஜிமா
1997 ஜூலை 15

மாமாவுக்கு,

மழை விட்டு, புழுக்கம் ஆரம்பித்துவிட்டது. பதில் இல்லையே, உடம்புக்கு முடியவில்லையா? அம்மா "அவனுக்கு என்ன, நல்லாத்தான் இருப்பான்" என்று சொல்லிவிட்டு, அன்று சாயங்காலமே உங்களுக்கு ஒரு டப்பா ஊறுகாய் கட்டச் சொன்னாள். தனியாக அனுப்பியிருக்கிறேன்.

நீங்கள் எழுதாவிட்டாலும் மரிகா எழுதியிருக்கிறாள். நீங்கள்தான் விலாசம் கொடுத்தீர்களாம். அதைப் படித்த பிறகு உங்கள் மேல் இருந்த கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. பயம் மட்டும் இருக்கிறது.

அவளுக்கு யமகதாவில் ஒரு மலையோரச் சிற்றூர். புத்தாண்டுக்கு வீடு போகும்போது, தன் நிலையம் வருவதற்கு முந்திய நிலையத்திலேயே ரயில் கழிப்பறைக்குள் போய் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, சாம்பல் நிற ஸ்வெட்டரில் இறங்குவாளாம். பாலத்தில் நிற்கிற நாற்பது பேரும் அப்படித்தானாம். ஒவ்வொருத்தியும் அவளவள் ஊரில் ஒற்றை ஆள். "தோக்கியோவில் யாரும் எங்களைத் திரும்பிப் பார்ப்பதில்லை, ஏனென்றால் யாருக்கும் எங்களைத் தெரியாது. தெரிந்தவர்கள் நடுவில், பிறந்த ஊரில், பகலில் முந்நூறு பேர் நடக்கிறார்கள் என்று உங்கள் மாமா சொன்ன அன்றைக்கு நாங்கள் பாலத்தில் உட்கார்ந்து அழுதோம். அப்படி ஓர் ஊரை ஒரு தடவை கண்ணால் பார்த்தால் போதும்" என்று எழுதியிருக்கிறாள்.

மாமா, நான் ஒருத்தி போய் பஸ் நிலையத்தில் நின்றால் அவர்கள் முகம் எப்படியாகும்? இதற்கு நான் என்ன செய்வேன்?

நிழலில் நில்லுங்கள்.

சிகுசா


ஹராஜுகு
1997 ஆகஸ்டு 19

அன்புச் சிகுசாவுக்கு,

வெயில் கொளுத்துகிறது. தாரில் குதிகால் பதிகிறது. ஊறுகாய் பிரமாதம், அக்கம்பக்கத்தில் மந்திரி ஒருவர் குடியிருக்கிறார், அவருக்கும் கொஞ்சம் கொடுத்தனுப்பினேன். முன்னோர் பூஜைக்கு இந்த வருஷமும் வரமுடியவில்லை. இந்த விடுமுறைக் கூட்டத்தை என்னைத் தவிர யார் சமாளிப்பார்கள்? நான் ஒரு நாள் இல்லாவிட்டால் வரிசை நிலையம் வரைக்கும் போய் ரயிலேறிவிடும்.

நீ சொன்னபடி மரிகாவிடம் பேசத்தான் போனேன். அந்தச் சமயம் பார்த்து அவர்களெல்லாம் பயணத்துக்குப் புது லேஸ் தைத்துக்கொண்டிருந்தார்கள். சிரிப்பும் பாட்டும். நான் போனதும், "மாமா, முந்நூறு பேருக்கும் நாங்க என்ன கொண்டு போறது?" என்று கேட்டார்கள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, உன் மனசு நிம்மதியாகட்டும் என்று, எண்ணிக்கையைக் குறைத்துவிட்டேன். "முந்நூறெல்லாம் வரமாட்டாங்க. ஒரு இருநூத்தம்பது வெச்சுக்குங்க" என்றேன். ஆகையால் ஐம்பது பேரின் பாரம் உன் தலையிலிருந்து இறங்கிவிட்டது.

தர்பூசணியோடு உப்புத் தொட்டுக்கொள். சூடு தணியும்.

எப்போதும் உன் பக்கம்,
தொகுஜிரோ மாமா


கொஜிமா
1997 செப்டம்பர் 14

மாமாவுக்கு,

காலையில் காற்று கொஞ்சம் மாறியிருக்கிறது. வயலோரத்தில் சிவப்பு லில்லி வந்துவிட்டது. எல்லாரும் சுகம்.

ஐம்பது பேரைக் குறைத்ததற்கு நன்றி.

போன வாரம் சாப்பாட்டு இடைவேளையில் என்னால் சோறு இறங்கவில்லை. எங்கள் வரிசைத் தலைவி தோமிகோ அக்கா எதிரில் உட்கார்ந்திருந்தாள். அவள் முப்பது வருஷமாக இங்கே தைக்கிறவள். குரல் மிஷின் சத்தத்தைத் தாண்டிக் கேட்கும்.

"என்னடீ, யாரையாவது காதலிக்கிறியா?"

"இல்லக்கா."

"அப்ப கர்ப்பமா?"

மேஜையே திரும்பிப் பார்த்தது. வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தாழ்ப்பாள், ஒகாயாமா கழிப்பறை, பாலம், நீங்கள், பஸ். என்னிடமிருந்த படப் பிரதியையும் காட்டினேன். அது கைமாறிக் கைமாறி அறை முழுக்கச் சுற்றியது. யாரும் சிரிக்கவில்லை; ஒருத்தி மட்டும் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "ஓரம் இன்னும் உள்ள மடிச்சிருக்கலாம்" என்றாள்.

"உங்க மாமாவை எனக்குத் தெரியும்" என்றாள் தோமிகோ அக்கா. "பள்ளிக்கூடத்துல எனக்கு முன் பெஞ்சு. அப்பவே வாய் இப்படித்தான். சரி, தோக்கியோக்காரிங்க வந்து நம்ம ஊர்ல ஒண்ணுமில்லன்னு திரும்பிப் போறதா? அதை நான் உசிரோட பார்க்கணுமா?"

"அக்கா, அது இருநூத்தம்பது உடை..."

"ஃப்ரில்னா என்னடீ? அவசரத்துல போட்ட மடிப்பு. வருஷத்துக்கு லட்சம் பாவாடைக்கு மடிப்பு போடற கை இது."

கிடங்கில் போன வருஷத்து மிச்சத் துணி சுருள் சுருளாகக் கிடக்கிறது. முதலாளியிடம் கேட்டுவிட்டார்கள். இலையுதிர் காலத்தில் ஆர்டர் குறைவு. ஷிஃப்ட் முடிந்ததும் உட்கார்ந்து தைப்பதாக ஏற்பாடு. அறுபது பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். என்னை மட்டும் பக்கத்தில் சேர்க்கவில்லை. "நீ போய் கேக்கைப் பாரு. நாங்க தைச்சுக் காட்டறோம்" என்று கதவைச் சாத்திவிட்டார்கள். உள்ளே மிஷின்கள் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்கிறது.

மாமா, எனக்கு மூன்று மாதமாக இல்லாத பசி வந்திருக்கிறது.

இரவில் ஜன்னலைச் சாத்திப் படுங்கள்.

சிகுசா


கொஜிமா, அவசரத் தபால்
1997 அக்டோபர் 9

மாமா,

பருவம், உடம்பு எல்லாம் பிறகு.

இன்றைக்குக் கதவைத் திறந்து காட்டினார்கள். கம்பியில் அறுபது உடைகள் தொங்குகின்றன. தையலைப் பற்றிச் சொல்ல வார்த்தையில்லை. அப்படி ஒரு கொசுவம் தோக்கியோவில் எந்தக் கடையிலும் இருக்காது. ஆனால் அறுபதும் ஒன்றே. ஒரே கருநீலம், ஒரே காலர், ஒரே இடத்தில் ஒரே ரிப்பன். முதல் உடைக்கும் கடைசி உடைக்கும் ஒரு நூல் வித்தியாசம் கிடையாது. தோமிகோ அக்கா பெருமையோடு அளவுநாடாவை வைத்துக் காட்டுகிறாள்!

இந்த ஃப்ரில் உலகத்தில் அது எப்பேர்ப்பட்ட தப்பு என்று உங்களுக்குத் தெரியும். ஒரு விருந்தில் இரண்டு பேர் ஒரே உடையில் வந்துவிட்டால் ஒருத்தி கூசிப்போய் வீட்டுக்குப் போய்விடுவாள். அதற்காகவே முன்கூட்டி ஒருவருக்கொருவர் கேட்டுக்கொள்வார்கள். இங்கே அறுபது! சீருடை! மரிகா பஸ்ஸிலிருந்து இறங்கினால் பள்ளிக்கூட அணிவகுப்பு என்று நினைப்பாள்.

அறுபது பேரிடமும் எப்படிச் சொல்வது? ஒவ்வொருத்தியும் போட்டுப் போட்டுக் கண்ணாடி பார்க்கிறார்கள். எனக்கும் ஒன்று தைத்திருக்கிறார்கள். உள்ளே என் பெயர்ப்பட்டி.

என்னிடம் வெள்ளை உடையும் இருக்கிறது. உலகத்தில் அது ஒன்றுதான். நான் எதைப் போடுவது?

சிகுசா


ஹராஜுகு, அவசரத் தபால்
1997 அக்டோபர் 10

சிகுசா,

இலை பழுக்கிறது, நான் நலம், அம்மா நலமென நம்புகிறேன்.

உன் கடிதத்தோடு மரிகாவிடம் ஓடினேன். பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டு, "மாமா, எனக்குத் தூக்கமே வரல" என்றாள். நான் சொன்னேன், கொஜிமாவில் எல்லாம் பிரமாதமாகத் தயாராக இருக்கிறது என்று. வாய் அப்படிப் பழகிவிட்டது.

நீ வெள்ளையைப் போட்டுக்கொள். முன்னால் தனியாக நில். நீதான் அவர்களைச் சேர்ந்தவள், மற்றவர்கள் விருந்து பரிமாற வந்த தொழிற்சாலைக்காரர்கள் என்று சொல்லிவிடலாம். உன் ஒருத்தி மானமாவது தப்பும். பெரிய ராஜதந்திரிகளெல்லாம் இப்படித்தான் செய்வார்கள்.

பனியில் தலையை மூடிக்கொள்.

மாமா


கொஜிமா
1997 அக்டோபர் 15

அன்புள்ள மாமாவுக்கு,

வானம் உயரமாக, நீலமாக, ஒரு மேகம் இல்லாமல் இருக்கிறது. அம்மா சுகம். நான் சுகம் என்று எழுதினால் போதாது.

உங்கள் கடிதம் சனிக்கிழமை வந்தது. ஞாயிறு காலை இரண்டு உடைகளையும் படுக்கையில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளையைப் போட்டால் மரிகா என்னைக் கட்டிக்கொள்வாள். அறுபது பேர் எனக்குப் பின்னால் பரிமாறுகிறவர்களாக நிற்பார்கள். அவர்களுக்கு எதுவுமே புரியாது, அதுதான் தாங்க முடியவில்லை. வெள்ளையை மடித்து உள்ளே வைத்தேன். கருநீலத்தைப் போட்டுக்கொண்டு தாழ்ப்பாளைத் திறந்தேன்.

கூடத்தில் அம்மா நின்றிருந்தாள். அவளும் அதே கருநீலத்தில்! தோமிகோ அக்கா ரகசியமாகச் சேர்த்துக்கொண்டு, அறுபது உடைக்கும் பொத்தான்துளை போட்டது அவளாம். ஒரு மாதமாக என்னிடம் மூச்சு விடவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"திரும்பு. பின்னால ரிப்பன் கோணலா இருக்கு."

கட்டிக்கொண்டே சொன்னாள்: "உங்க மாமா ஊரை விட்டுப் போன அன்னைக்கு என்ன போட்டிருந்தான் தெரியுமா? பளபளன்னு மஞ்சள்ல, தொளதொளன்னு ஒண்ணு. அப்ப ஹராஜுகுல அதைப் போட்டுக்கிட்டுத் தெருவுல ஆடுவாங்களாம். நிலையம் வரைக்கும் ஊரே பின்னால போய்ச் சிரிச்சது. நானும் சிரிச்சேன்." முடிச்சை இழுத்து இறுக்கினாள். "ம், நட. எனக்கு இடுப்பு கொஞ்சம் பிடிக்குது, ஆனா பரவால்ல."

வாசல் கதவைத் திறந்தோம். எதிர்வீட்டு நகாவோ தாத்தா துடைப்பத்தோடு நின்றார். "அடேங்கப்பா, இன்னைக்கு என்ன விசேஷம்?" என்றார். "ஞாயித்துக்கிழமை" என்றாள் அம்மா. அவ்வளவுதான் மாமா. எத்தனை வருஷம் பயந்தேன்! அவ்வளவுதான்.

ஒவ்வொரு சந்திலிருந்தும் ஒருத்தி, இரண்டு பேர், நாலு பேர் என்று கருநீலமாக வந்து சேர்ந்தார்கள். சைக்கிளில் ஃப்ரில்லைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு தோமிகோ அக்கா வந்தாள். நிலையத்து வாசலில் வரிசையாக நின்றோம். இவர்களுக்கு வேறு மாதிரி நிற்கத் தெரியாது.

பஸ் வந்தது. முதலில் மரிகா இறங்கினாள், ரோஜா நிறத்தில், குடையோடு. எங்களைப் பார்த்தாள். படியிலேயே நின்றுவிட்டாள். பின்னால் வந்தவர்கள் அவள் முதுகில் முட்டிக்கொண்டார்கள்.

மரிகா கிட்ட வந்து ஒரு காலரைப் பார்த்தாள், பக்கத்துக் காலரைப் பார்த்தாள், தரையில் மண்டி போட்டு ஓரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனாள்.

"எல்லாம் ஒண்ணு" என்றாள். குரல் உடைந்திருந்தது. "இதை யார் முடிவு பண்ணினாங்க?"

"யார் முடிவு பண்றது? நாங்க தைச்சா ஒரே மாதிரிதான் வரும். வித்தியாசமா வந்தா அது பழுது" என்றாள் தோமிகோ அக்கா.

மரிகா எழுந்து தன் கூட்டத்தைப் பார்த்துக் கத்தினாள்: "ஏய், இரட்டை! அறுபது பேரும் இரட்டை!"

மாமா, அவசரத்திலும் பயத்திலும் நான் இதை மறந்தே போனேன். தெரியாமல் இரண்டு பேர் ஒன்று போல வந்தால்தான் அது அவமானம். தெரிந்தே, உயிர்த்தோழிகள் இரண்டு பேர் சேர்ந்து தைத்து ஒன்று போலப் போட்டால், அதற்கு மேல் ஒரு மரியாதை அவர்களிடம் கிடையாது. "உன்னை விட்டுப் போகமாட்டேன்" என்று ஊரறியச் சொல்வது அது. பாலத்தில் அப்படி இரண்டே ஜோடிதான் இருக்கிறதாம். அதற்கே மற்றவர்கள் வழிவிட்டு நிற்பார்களாம். இங்கே அறுபது பேர், பதினெட்டு வயதிலிருந்து அம்மா வயது வரைக்கும்! நாற்பது பெண்களும் பஸ்ஸிலிருந்து கொட்டினார்கள். அழுகிறவள், சிரிக்கிறவள், தோமிகோ அக்காவின் கையைப் பிடித்து முத்தமிடுகிறவள். "கண்ணு மை என் துணியில ஒட்டுது, தள்ளி நின்னு அழு" என்று அக்கா அதட்டினாள். அவள் கண்ணும் நனைந்துதான் இருந்தது.

கடைத்தெரு வழியாக ஊர்வலமாகப் போனோம். தோக்கியோ நிறங்கள் நடுவில், இரண்டு பக்கமும் கருநீலம். மீன்கடைக்காரர் தொப்பியைக் கழற்றினார். பத்திரிகைக்குப் படமெடுக்கிற பெண் ஒருத்தி பஸ்ஸில் வந்திருந்தாள். அவள் பின்னோக்கி நடந்தே கடற்கரை வரை வந்தாள்.

தேநீர் நேரத்தில் மரிகா என்னிடம் கேட்டாள்: "மாமா இருநூத்தம்பதுன்னாரே?" உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். தோமிகோ அக்கா கேக்கை மென்றுகொண்டே, "மத்தவங்க ஷிஃப்ட்ல இருக்காங்க" என்றாள்.

மரிகா சிரித்தாள். அவளுக்கு முதலிலிருந்தே தெரியும் என்று எனக்குத் தோன்றுகிறது. உங்களைப் பற்றியும் சொன்னாள். ஞாயிறு முழுக்க "வரிசையின் கடைசி இங்கே" என்ற பலகையைத் தூக்கிப் பிடித்தபடி நிற்பீர்களாம். பாலத்துக்குப் புதிதாக வருகிற ஊர்ப்பிள்ளைகள் திசை தெரியாமல் விழித்தால், "நேரே போம்மா, உன் ஆளுங்க அங்கதான் இருக்காங்க" என்று அனுப்பி வைப்பது நீங்கள்தானாம். அவளையும் அப்படித்தான் அனுப்பினீர்களாம்.

மருந்துப் பட்டை இன்னும் பத்து வைத்திருக்கிறேன்.

உங்கள் சிகுசா


ஹராஜுகு
1997 நவம்பர் 9

வெற்றித் திருமகள் சிகுசாவுக்கு,

கிங்கோ இலை பொன்னாகக் கொட்டுகிறது. முழங்கால் வாலிபமாக இருக்கிறது. அம்மாவின் இடுப்புக்குத் துணியைக் கொஞ்சம் தளர்த்திக் கொடு.

ஒரே மாதிரி தைக்கச் சொல்லலாமா என்று நான் முதலிலிருந்தே யோசித்து வைத்திருந்ததை நீ கவனித்திருப்பாய். வெளிப்படையாகச் சொன்னால் சுவாரசியம் கெட்டுவிடும் என்றுதான் அந்த ராஜதந்திரக் கடிதம். போகட்டும், புகழ் தோமிகோவுக்கே போகட்டும். பள்ளிக்கூடத்தில் அவளுடைய பென்சிலை நான் எடுக்கவில்லை என்பதையும் இந்தச் சமயத்தில் சொல்லிவிடு.

பத்திரிகையில் இரண்டு பக்கத்துக்குப் படம் வந்துவிட்டது! தெரு முழுக்க அதையேதான் பேசுகிறார்கள். ஹொக்காய்தோவிலிருந்து ஒரு கூட்டம், கியூஷூவிலிருந்து ஒரு கூட்டம், "எங்க ஊருக்கும் வாங்க" என்று மரிகாவுக்குக் கட்டுக் கட்டாகக் கடிதம். ஒவ்வோர் ஊரிலும் ஒருத்தி தாழ்ப்பாளைத் திறந்துவிட்டாள் போலிருக்கிறது. கொஜிமாவில் எத்தனை பேர் என்று இப்போது யார் கேட்டாலும் மூவாயிரம் என்று சொல்லி வருகிறேன், அதற்குள் தயாராகிவிடுங்கள்.

இன்னொரு சிறு விஷயம். எனக்கு ஒரு நண்பர். அந்தக் கருநீலத் துணியில், காலரில் ஃப்ரில் வைத்து, ஆண்களுக்கு ஒரு மேல்கோட்டு தைப்பார்களா என்று கேட்கிறார். உயரம் ஏறக்குறைய என்னுடையது. தோளும் அப்படியே. வயிறு மட்டும் என்னைவிடக் கொஞ்சம் முன்னால். கூச்ச சுபாவம், அதனால் பெயர் சொல்ல விரும்பவில்லை.

அடுப்பருகே உட்காரு.

தொகுஜிரோ மாமா


கொஜிமா
1997 டிசம்பர் 1

அன்புள்ள மாமாவுக்கு,

கடலிலிருந்து குளிர்காற்று. எல்லாரும் சுகம். உங்கள் நண்பரின் கோட்டு இத்துடன் வருகிறது. தோமிகோ அக்கா வெட்டினாள், அம்மா பொத்தான்துளை போட்டாள், கொசுவம் நான். மற்ற அறுபதிலிருந்து ஒரு நூல்கூட வித்தியாசம் இருக்கக்கூடாது என்று அக்கா காலரை மூன்று தடவை பிரித்துத் தைத்தாள். உங்கள் நண்பரின் தோள் அளவு அவளுக்கு எப்படியோ தெரிந்திருந்தது.

அம்மா ஒன்று எழுதச் சொன்னாள். "புத்தாண்டுக்கு அதைப் போட்டுக்கிட்டே ரயிலேறச் சொல்லு. நிலையத்துக்கு நாங்க எல்லாரும் வர்றோம். இந்தத் தடவை யாரும் சிரிக்கமாட்டாங்க."

சூடாக இருங்கள்.

சிகுசா


ஹராஜுகு
1997 டிசம்பர் 8

சிகுசா,

குளிர் ஜாஸ்தி. கோட்டு வந்தது. சரியாக இருக்கிறது.

நேற்று ஞாயிறு. கடையில் லீவு சொல்லிவிட்டு, அதைப் போட்டுக்கொண்டு பாலத்துக்குப் போனேன். நண்பர் இல்லை, நான்தான். மரிகா தன் குடையை என் தலைக்கு மேல் பிடித்தாள். பாலமே திரும்பிப் பார்த்தது. இதில் நான் எதையும் கூட்டவில்லை, மரிகாவின் ஆட்கள் படமெடுத்திருக்கிறார்கள்.

டிசம்பர் முப்பதாம் தேதி மதிய ரயிலில் வருகிறேன். உன் அம்மாவிடம், என் அக்காவிடம் சொல்.

மாமா